11 மாதம் விட்டிருந்த புகை, கோயில் கொடைக்குப் போனபோது திரும்பிவிட்டது

திருநெல்வேலி டவுனில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் 44 வயது வாசகர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

இருபது வயதில் தொடங்கிய சிகரெட், நாளொன்றுக்குப் பதினைந்து வரை போயிருக்கிறது. தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தவர். பிளஸ் டூ படிக்கும் மகள் அழுது கேட்டுக்கொண்டதன்பேரில், சென்ற ஆண்டு வைகாசியில் குலதெய்வக் கோயிலில் சத்தியம் செய்து, மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், ஒரே நாளில் புகைப்பதை நிறுத்தினார். 11 மாதம் தொடவில்லை. முக்கூடல் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனால் கூட்டாளிகளிடம் மாட்டிக்கொள்வோம் என்று அந்த 11 மாதமும் ஊர்ப்பக்கம் போவதையே தவிர்த்திருக்கிறார். இந்தச் சித்திரையில் ஊர்த் திருவிழாவான கோயில் கொடைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்த இரவில், சாமக்கொடை என்னும் நள்ளிரவுப் பூசைக்குச் சற்று முன்பு, பெரியப்பா சித்தப்பா மக்களோடு உட்கார்ந்து கொஞ்சம் மது அருந்தியபோது அண்ணன்முறை உள்ள ஒருவர், "ஒரு வருசமா விட்டுட்டியல்லா, இனி ஒண்ணு இழுத்தா ஒண்ணும் ஆவாதுடே" என்று நீட்டியிருக்கிறார். அன்று ஒன்றுதான். மறுநாள் இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் அது தினசரிப் பழக்கமாகிவிட்டது. இப்போது ஆடியில் நாளுக்கு ஏழெட்டு சிகரெட்டும், வீட்டில் பீடி சுற்றும் தாயாரின் தட்டிலிருந்து எடுக்கும் நாலைந்து பீடியும் ஓடுகின்றன. வேலை முடிந்து வரும் வழியில் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திப் புகைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, கிராம்பை மென்றுகொண்டு வீட்டுக்குப் போகிறார். மனைவிக்குத் தெரியாது என்று நம்புகிறார். ஆவணியில் தங்கை மகளுக்குக் கல்யாணம்; இவர்தான் தாய்மாமன். "சத்தியம் உடைந்துபோயிற்று, 11 மாதம் வீணாயிற்று. இனி முழுதாக விட என்னால் முடியாது; நாளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? பீடி இலையில் சுற்றியது என்பதால் சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுதானே? நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?" என்பவை அவருடைய கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் பிறகு, கடிதத்தின் ஓரத்தில், ஒரே ஒரு வரி: "கடையின் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு அழுத்தம் வருகிறது, நின்றால் போய்விடுகிறது, வாயு என்று சோடா குடித்துக்கொள்கிறேன்."

அந்த ஓரத்து வரியிலிருந்து தொடங்குகிறேன்

அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் அவசரமாகத் தோன்றுகிறது. நடந்தால் அல்லது படியேறினால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் அடங்கும் நெஞ்சு அழுத்தத்தை வாயு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருப்பவர்களுக்கு வலி வருவது பெரும்பாலும் இந்த முறையில்தான். உங்களுக்கு 44 வயது. தந்தைக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு. இருபதாண்டுக்கு மேல் புகைப்பழக்கம். வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இந்த வாரத்திலேயே மருத்துவர் ஒருவரிடம் போங்கள். டவுனிலிருந்து தூரமில்லை, ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே இதயம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. எக்கோ, டிரெட்மில் போன்ற அடுத்த பரிசோதனைகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அதே வேளையில் பார்த்துவிடுங்கள்.

சும்மா இருக்கும்போதே அழுத்தம் வந்தாலும், பத்து நிமிடத்துக்கு மேல் அடங்காமல் நின்றாலும், வியர்வையோ இடது கை, தாடைப் பக்கம் பரவும் வலியோ சேர்ந்தாலும், சோடாவுக்குப் போகாமல் 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவும் வேண்டாம்.

11 மாதம் வீணாகவில்லை. தவறு நடந்த இடம் வேறு

சாமக்கொடை இரவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அப்படித் தெரியவில்லை. அன்று ஒன்று பிடித்தீர்கள். மறுநாள் பிடிக்கவில்லை. அதன்பிறகு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் எந்த நாளிலும் நின்றிருக்கலாம். நிற்க விடாமல் தடுத்தது வெட்கம். சத்தியம் உடைந்துவிட்டது, மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது, இனி ஒன்று பிடித்தால் என்ன பத்து பிடித்தால் என்ன என்ற எண்ணம்தான் அடுத்த பாக்கெட்டை வாங்க வைத்திருக்கிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைத்தான் விளக்கினார்: ஒருமுறை சறுக்குவதும் பழையபடி திரும்பிப்போவதும் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள், இடையில் இருப்பது அந்தச் சறுக்கலுக்கு மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொருள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லிக்கொள்பவர் திரும்பிப் போகிறார். "அந்த இடத்துக்கு நான் தயாராகப் போகவில்லை" என்று சொல்லிக்கொள்பவர் நின்றுவிடுகிறார்.

சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெய்வத்தின் சார்பில் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரே ஒரு முறை தவறினாலும் முழுதும் முறிந்துபோகும்படி அமைந்த வாக்குறுதி, அது எங்கே செய்யப்பட்டாலும், இந்த நோய்க்குப் பொருந்தாது. நோய் என்றே சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் பல முறை முயன்ற பிறகே நிரந்தரமாக விடுகிறார்கள். மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தனியே முயல்பவர்களில் ஓராண்டு தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அப்படிப் பார்த்தால், துணை எதுவும் இல்லாமல் 11 மாதம் நின்ற நீங்கள் மனவுறுதி குறைந்தவர் அல்லர்.

அந்த 11 மாதத்தில் உங்கள் உடல் நிக்கோட்டினை மறந்துவிட்டது. இரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், கவனக் குறைவு போன்ற தொல்லைகள் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, சித்திரையில் உங்களைப் பிடித்தது உடலின் தேவை அன்று. வில்லுப்பாட்டுச் சத்தம், தூக்கமில்லாத இரவு, மது, கூடப்பிறந்தவர்களைப்போன்ற கூட்டம், கையில் கிண்ணம் என்று இருபது ஆண்டுகளாகச் சிகரெட்டோடு சேர்ந்தே அனுபவித்த ஒரு சூழல் அப்படியே திரும்பி வந்து நின்றது. கடையிலும் வீட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் புகை இல்லாமல் இருக்க நீங்கள் பழகிவிட்டீர்கள். கொடையில் அப்படி இருக்க ஒருநாளும் பழகவில்லை, ஏனென்றால் ஊருக்கே போகாமல் இருந்தீர்கள். முதல் இரண்டு மாதத்துக்கு ஒதுங்கியிருப்பது நல்ல உத்தி. ஆண்டு முழுவதும் ஒதுங்கியிருந்துவிட்டு, மிகக் கடினமான இரவில் போய் நேரே இறங்கியதுதான் இடறல்.

நாளுக்கு இரண்டு என்பதும், பீடி என்பதும்

இரண்டோடு நிறுத்திக்கொள்வது நியாயமான சமரசம்போலத் தெரியும். இதயத்தைப் பொறுத்தவரை அது அப்படி இல்லை. நாளுக்கு இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது என்று 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இங்கே செல்லாது. மேலும், எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, அடிவரை பிடித்து, நிக்கோட்டினை ஈடுகட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கோ இதில் ஏற்கெனவே ஓர் அனுபவம் இருக்கிறது. கொடைக்குப் பிறகு "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று தொடங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பீடி இலையில் சுற்றியது என்பது உண்மை. உள்ளே இருப்பது புகையிலைதான். சிகரெட்டைவிடத் தூள் குறைவு. ஆனால் அந்த இலை எளிதில் எரியாது என்பதால் அணையாமல் இருக்க அடிக்கடியும் வலுவாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டுக்குச் சமமாக, பல சமயம் கூடுதலாகவே நுரையீரலுக்குள் போகின்றன. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களும் மாரடைப்பும் பீடியாலும் வருகின்றன. "லைட்" என்று விற்ற சிகரெட்டிலும் இதே ஏமாற்றம்தான்.

தாயாரின் பீடித் தட்டைப் பற்றித் தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தட்டில்தான் உங்கள் பள்ளிக் கட்டணமும் தங்கை கல்யாணமும் வந்தன. மேலப்பாளையத்திலிருந்து முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வரை எத்தனையோ வீடுகளின் கதை அது. அவரைக் குற்றவாளியாக நினைக்க வேண்டியதில்லை, வேலையை விடச் சொல்லிச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். "நான் கேட்டாலும் எடுத்தாலும் தராதீங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். கட்டிய பீடியை எண்ணி அவர் பெட்டியில் பூட்டி வைக்கட்டும். கூடவே, தூள் பறக்கும் இடத்தில் பிள்ளைகள் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவரும் சுற்றி முடித்ததும் சாப்பாட்டுக்கு முன்பு கையை நன்றாகக் கழுவட்டும். புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சுற்றுபவரின் உடலில் சேர்கிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இந்த முறை மருந்தோடு

சென்ற ஆண்டு வெறும் உறுதியை நம்பி முதல் வாரத்தைக் கடந்ததை "நரகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நரகத்தை மறுபடியும் அனுபவித்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை.

சூயிங்கம் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். புகையிலைப் புகையில் ஏறத்தாழ 7,000 வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபது வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. நிக்கோட்டின் உங்களை அடிமையாக்குகிறது. புற்றுநோயைத் தருவது பெரும்பாலும் எரியும் புகையில் உள்ள மற்றவை. நிக்கோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பேட்சோ, அந்தப் புகை இல்லாமல், உடல் கேட்கும் நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் சில வாரங்களுக்குத் தந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பவை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை 2009 முதல் இருக்கின்றன. வெறும் முயற்சியோடு ஒப்பிட்டால் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. பேட்சையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் கூடும்.

ஆனால் நம் ஊரில் சூயிங்கம் வாங்கியவர்களில் பலர் அதைச் சாதாரண மிட்டாய் மென்று துப்புவதுபோல மென்றுவிட்டு, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். காரமான சுவை வரும்வரை மெதுவாக மெல்லுங்கள். உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிடுங்கள். சுவை அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே போகட்டும். மருந்து உறிஞ்சப்படுவது வாயின் உட்தோலில்தான், விழுங்கினால் பயனில்லை. டீ, காப்பி, எலுமிச்சைச் சாறு குடித்த பதினைந்து நிமிடத்துக்குள் மென்றால் அந்தப் புளிப்பில் நிக்கோட்டின் சரியாக ஏறாது. காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரெனிக்ளின் என்ற மாத்திரை இதைவிட வலுவானது; வெற்றி வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. அது மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு தவிப்பைத் தணிக்கிறது, யாராவது நீட்டியதைப் பிடித்தாலும் பழைய சுகத்தைத் தர விடுவதில்லை. கூட்டத்தில் சறுக்கும் உங்களைப்போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது குணம் முக்கியமானது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய அளவில் தொடங்கி, மொத்தம் 12 வாரம் எடுக்க வேண்டும். குமட்டல் வரும், ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சிலருக்கு விசித்திரமான கனவுகள் வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் இதைத் தொடாதீர்கள். புப்ரோப்பியான் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு, வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது.

உங்கள் நெஞ்சு அழுத்தம் என்னவென்று தெரிந்த பிறகே இவற்றில் எது என்று முடிவு செய்யுங்கள். இதயநோய் நிலையாக இருப்பவர்களுக்கும் இந்த மருந்துகள் சிகரெட்டைவிடப் பாதுகாப்பானவைதான். எனினும் அழுத்தம் அதிகரித்துக்கொண்டே போகும் நிலையில் மருத்துவரின் கண்பார்வையில்தான் தொடங்க வேண்டும். மின்சிகரெட்டைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

இன்னொரு சிறு விஷயம், யாரும் சொல்வதில்லை. புகை, உடலிலிருந்து காஃபீனை வேகமாக வெளியேற்றும். நிறுத்தியதும் அதே இரண்டு டீ உடலில் நெடுநேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். புகையை விட்டதால்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துப் பலர் மறுபடி பிடித்துவிடுகிறார்கள். முதல் மாதம் டீயைப் பாதியாகக் குறைத்து, மாலையில் சுக்குக் காப்பிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

டீக்கடை, கல்யாணம், துட்டி வீடு

தவிப்பு என்பது அலை. எழும்பி, உச்சிக்குப் போய், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஐந்து நிமிடத்தில், மிஞ்சினால் பத்து நிமிடத்தில் தணியும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க என்ன செய்வது என்பதை அங்கே நின்றுகொண்டு யோசிக்க முடியாது, முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நாலு பேரோடு நிற்பதை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் இரண்டு நாள் கேட்பீர்கள். கூட்டாளிகள் இல்லாத வேளைக்கு டீ நேரத்தை மாற்றுவதும், உட்கார்ந்து குடிப்பதும், கையில் வடையோ சுண்டலோ வைத்துக்கொள்வதும் நடக்கக்கூடிய காரியங்கள். வழக்கமாக வாங்கும் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் பற்று ஏதாவது இருந்தால் இன்றைக்கே தீர்த்து, "இனி நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அண்ணாச்சிமார்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் சொன்னபடி செய்வார்கள். டீக்கடை, பேருந்து நிலையம் உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் முதல் தடை இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதைச் சொல்லி நீங்கள் யாரோடும் வாதாட வேண்டாம், கடைக்காரரிடம் "உள்ளே பிடிக்க விடாதீங்க" என்று பேசும்போது மட்டும் பயன்படும்.

நீட்டுபவர்களை நீங்கள் எதிரியாக நினைக்கத் தேவையில்லை. நம் ஊரில் பீடி சிகரெட் நீட்டுவது அன்பின் அடையாளம், வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல. மறுக்கும்போது காரணம் சொல்லத் தொடங்கினால் எதிரே இருப்பவர் அந்தக் காரணத்தோடு வாதாடுவார்; "விட்டுப் பாக்கேன்" என்றால் "ஒண்ணு மட்டும்" என்பார். "வேண்டாம்ண்ணே, நான் இப்பம் பிடிக்கதில்ல" என்று முடித்துவிட்டு உடனே அவர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியோ மழையைப் பற்றியோ கேளுங்கள். இரண்டாம் முறை நீட்டினால் அதே வார்த்தை, அதே குரல். வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவது சிரிப்பாகத் தோன்றினாலும் பலன் தரும்.

ஆவணிக் கல்யாணத்தில் நீங்கள் தாய்மாமன். போகாமலோ ஓரமாக உட்கார்ந்தோ தப்பிக்க முடியாது; தப்பிக்கவும் கூடாது என்பது என் எண்ணம். இப்போதிருந்தே ஏற்பாடு செய்யுங்கள். சித்திரையில் நீட்டிய அந்த அண்ணனைக் கல்யாணத்துக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, நெஞ்சில் அழுத்தம் வருவதையும் மருந்து எடுப்பதையும் சொல்லி, "அன்னைக்கு யாராவது நீட்டினா நீங்கதான் தடுக்கணும்" என்று பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முறையுள்ள அண்ணன்மார் கேட்டால் இதைச் செய்வார்கள். கேட்காததால்தான் செய்யாமல் இருக்கிறார்கள். விருந்தினர் தட்டில் சிகரெட் வாங்கி வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அந்தச் செலவை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள், வாங்கி வரும் வேலையையும் ஏற்காதீர்கள். முந்தின இரவு ஆண்கள் கூடும் அறையில் படுக்க வேண்டாம், மனைவி பிள்ளைகளோடு தங்குங்கள். பேட்ச் பயன்படுத்துபவராக இருந்தால் காலையிலேயே ஒட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் போவதற்குச் சற்று முன்பு ஒரு சூயிங்கத்தையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மது வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது: நிறுத்திய முதல் மூன்று மாதம் ஒரு கிண்ணம்கூட வேண்டாம், ஏனென்றால் மது உள்ளே போனபின் "வேண்டாம்" என்று சொல்வதற்கு ஆள் இருப்பதில்லை.

கல்யாணத்துக்காவது நாள் தெரியும். துட்டி வீட்டுக்கு நாள் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கும்போது, ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலி கொண்டுவர, தண்ணீர் கொடுக்க, தகவல் சொல்ல என்று அங்கே எப்போதும் ஆள் தேவைப்படும்.

கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேண்டும் என்று பாக்கு, புகையிலை போட்ட வெற்றிலை, பான் மசாலா பக்கம் போய்விடாதீர்கள். பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. கிராம்பு, ஏலக்காய், வறுத்த கடலை, நெல்லிக்காய் போதும். முதல் ஆண்டில் எடை நாலைந்து கிலோ கூடலாம்; புகையால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் அது சிறியது.

மனைவியிடம் சொல்வது

அவருக்குத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. சட்டையிலும் தலைமுடியிலும் தங்கும் வாடையைக் கிராம்பு மறைக்காது. அவர் நீங்களே சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். மறைப்பதற்கு வேறொரு விலையும் இருக்கிறது: மறைக்கும்வரை நீங்கள் வீட்டில் மருந்தை வைத்துக்கொள்ள முடியாது, கல்யாணத்தில் அவருடைய உதவியைக் கேட்க முடியாது, நெஞ்சு அழுத்தத்தைப் பற்றிக்கூட முழு உண்மையைச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு, நேரடியாகச் சொல்லுங்கள்: கொடையில் ஒன்று பிடித்தேன், மறைத்தேன், இப்போது தினமும் பிடிக்கிறேன், நெஞ்சில் அழுத்தம் வருகிறது, டாக்டரிடம் போகப்போகிறேன், நீயும் கூட வா. கோபம் வரும், அந்தக் கோபத்துக்கு உடனே பதில் சொல்ல வேண்டாம். அவர் செய்ய வேண்டியதையும் தெளிவாகக் கேளுங்கள். சட்டைப் பையைத் தினமும் சோதிக்கும் காவலராக அவர் மாறினால் நீங்கள் மறுபடி ஒளியத் தொடங்குவீர்கள், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று இரவில் ஒருமுறை கேட்பதும், உண்மையைச் சொன்னால் அன்று திட்டாமல் இருப்பதும் போதும். மகளுக்கு இப்போது தேர்வு ஆண்டு என்பதால் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். அதில் எனக்கு அவ்வளவு உறுதியான கருத்து இல்லை. மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் மறுபடி அவளிடம் சத்தியம் மட்டும் செய்து கொடுக்காதீர்கள்.

மறுபடி ஒன்று பிடித்துவிட்டால்

இதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தூக்கி எறியுங்கள், "இந்தப் பாக்கெட் தீரட்டும்" என்று வைத்திருக்காதீர்கள். அன்று இரவுக்குள் மனைவியிடம் சொல்லுங்கள். பேட்சோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், ஒன்று பிடித்துவிட்டோமே என்று அதை நிறுத்தாதீர்கள். மறுநாளும் வழக்கம்போல எடுங்கள். எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் என்று ஒரு வரி எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பது அதிலிருந்துதான் தெரியும். பேச ஆள் இல்லாத நேரத்தில், சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். நடுவண் அரசின் உதவி மையம் அது. ஆடி முடிவதற்குள் இதயப் பரிசோதனையை முடித்து, மருந்தைத் தொடங்கி, கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாக நிறுத்தும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று 12 வார மருந்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.